நகர்ந்தால் சிக்னல் போய்விடும்

ஜீப் ஓடையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஹா-லெபாலோ ஊருக்கு மட்டக்குதிரைதான். டிரைவர் சாமான்களை இறக்கி வைத்துவிட்டு, "நாளைக்கு மதியம் இதே இடத்துல நிப்பேன்" என்று சொல்லி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ராபெலாங் ஒரு குதிரையில் லேப்டாப் பெட்டியையும் கம்பிச் சுருளையும் கட்டினான். இன்னொன்றில் தானே ஏறிக்கொண்டான்.

இந்த நாட்டில் நடுக்குளிர்காலமான ஜூன் மாதத்துக் குளிர் கம்பளிக்குள் கையை விட்டுத் துழாவியது. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் பாதையே இல்லை. குதிரைக்கு வழி தெரிந்திருந்தது, அதனால் அதன் பாட்டுக்கு விட்டுவிட்டான்.

பாதி மலையில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. சிக்னல் கோடு ஒன்றுகூடக் கிடையாது. சிக்னல் இல்லாத மலையில் போன் எப்படி அதிரும் என்று தன்னையே திட்டிக்கொண்டு பையில் போட்டான். இது அவனுக்குப் புதிதும் இல்லை. இரண்டு வருடமாக இப்படித்தான். சாப்பிடும்போது அதிரும், தூங்கப் போகும்போது அதிரும், எடுத்தால் ஒன்றும் இருக்காது. மனைவிகூடக் கிண்டல் செய்து அலுத்துப் போய் விட்டுவிட்டாள்.

இந்த ஊருக்கு வராமல் இரண்டு வருடம் தப்பித்தான். செல்போன் டவர் இரும்பை ஏற்றும் வேலைக்கு வேறு ஆளைத் தள்ளிவிட்டான். கடைசியில் இயக்கிவைக்கும் வேலைக்கு தலைநகரான மசேரு அலுவலகத்தில் அவனைத் தவிர ஆள் இல்லாமல் போயிற்று. காய்ச்சல் என்று சொல்லிப் பார்த்தான். போன வாரமும் அதையேதான் சொன்னாய் என்று மேலாளர் சிரித்தார்.

ஊர் எல்லையில் டவர் நின்றது. பாதி டவர்தான் தெரிந்தது, மீதியை மூடுபனி தின்றிருந்தது. கம்பி வேலிக்குப் பக்கத்தில், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் தோளில் கம்பளியுமாக ஒருவன் கையாட்டினான். டவர் காவல்காரன் பாகிசோ. முப்பது வயதுகூட இருக்காது.

"வாங்கண்ணே. டவரை விட்டுட்டு டவர்காரரு மட்டும் தொலைஞ்சு போயிட்டாரோன்னு நெனச்சேன்."

"குதிரை ஓடையில எறங்கமாட்டேன்னுடுச்சு தம்பி."

"அது எப்பவும் அப்படித்தான். எங்க ஊரு மாப்பிள்ளைங்களை விட முறுக்கு ஜாஸ்தி. முதல்ல வந்து சாப்பிடுங்க. மூணு மாசமா சும்மா நிக்குது இந்த இரும்பு, இன்னும் அரை மணி நேரம் நிக்கட்டும்."

பாகிசோவின் வட்ட வீட்டுக்குள் சாணப் புகை கண்ணைக் கரித்தது. அவன் மனைவி மக்காச்சோளக் களியும் கீரையும் வைத்தாள். நிறைமாத வயிறு. குனிந்து நிமிர ஒவ்வொரு தடவையும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கே லைன் வந்துடுமாண்ணே?"

"வந்துடும்மா."

"எனக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. வலி வந்தா ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணலாம்ல. ஓடை வரைக்கும் அவங்க வண்டி வந்துடும். அதுவே பெரிய விஷயம்." சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். "எங்கம்மாகிட்ட ஒரு டவர்காரர் நம்பர் இருந்துச்சு. எடம் பாக்க வந்தப்ப குடுத்துட்டுப் போனாராம். நாங்க ரெண்டு பேரும் அப்ப ஊர்ல இல்ல. நல்ல மனுஷன்னு சொல்லிகிட்டே இருப்பாங்க. அது நீங்களாண்ணே?"

ராபெலாங்கின் கையில் களி உருண்டை அப்படியே நின்றது.

"இல்லம்மா. நான் இங்க வர்றது இதுதான் முதல் தடவை."

பொய் அவ்வளவு சுலபமாக வந்ததில் அவனுக்கே ஆச்சரியம். அந்தப் பெண்ணின் பெயர் மோசா. அவள் தாயை ஊரே மாமோசா என்றுதான் கூப்பிடும், மோசாவின் அம்மா என்று. அவனுடைய போனில் மட்டும் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. பாறைக்காரி.

சாப்பிட்டு முடித்து டவருக்கு நடக்கும்போது பாகிசோ ஓரிடத்தில் நின்று மூடுபனிக்குள் விரலை நீட்டினான். அங்கே ஒன்றும் தெரியவில்லை. பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏறி வரும் சத்தம் மட்டும் கேட்டது.

"அங்கதாண்ணே எங்க பாறை. ஊருக்கே ஒரே சிக்னல் அங்கதான். எதுத்த மலை டவர்லேர்ந்து எப்படியோ ஒரு நூல் அங்க வந்து விழும். சரியா ஒரே எடம். நின்னு பாத்து, அந்த எடத்துல வெள்ளைக் களிமண்ணால ரெண்டு பாதம் வரைஞ்சு வெச்சிருந்தோம். அந்தப் பாதத்து மேல பாதத்தை வெச்சு நின்னா பேசலாம். இந்தாண்ட அந்தாண்ட நகந்தா போச்சு."

"இப்பவும் போறீங்களா?"

"யாரும் போறதில்ல. என் மாமியாரு அங்கதான் செத்தாங்க."

கேட்காமலே பாகிசோ சொன்னான்.

மாமோசா ஊர் சுகாதாரப் பணியாளர். யாருக்கு என்ன வந்தாலும் பாறைக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் பேசுவது அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன் இதே ஜூனில், பனிமழையில், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி. குழந்தை புரண்டு கிடந்தது. மாமோசா பாறைக்கு ஓடினாள். ஆஸ்பத்திரி லைன் புயலில் செத்துக் கிடந்தது. போனில் காசும் இல்லை. யாருக்கோ மிஸ்டு கால் கொடுத்திருக்கிறாள்.

"மிஸ்டு கால் குடுத்துட்டு வந்துட வேண்டியதுதானே?" என்று கேட்டான் ராபெலாங்.

"எப்படிண்ணே வர்றது? நகந்தா சிக்னல் போயிடும். அவங்க திருப்பிக் கூப்பிடுறப்ப போன் கிடைக்காது. திருப்பிக் கூப்பிடுவாங்கன்னு நின்னுருக்காங்க. சாயங்காலம் முழுக்க, ராத்திரி முழுக்க. மறுநாள் போய்ப் பாத்தா அந்த ரெண்டு பாதத்து மேலயே குந்தியிருந்தாங்க. போனைக் காதுல வெச்சபடி. வெரலைப் பிரிக்க முடியல. அப்படியே கல்லைக் குவிச்சு மூடிட்டோம், போனோட."

"அந்தப் பிரசவம்?"

"தாயும் போச்சு, புள்ளையும் போச்சு." பாகிசோ காறித் துப்பினான். "யாருக்குக் கூப்பிட்டாங்கன்னுதான் தெரியல. மோசா இன்னும் அதையே நெனச்சுகிட்டிருக்கா."

ராபெலாங்குக்குத் தெரியும்.

அன்று மசேருவில் அவன் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். மாட்டுக்கறி, பாட்டு, கூட்டம். தொடைப் பக்கம் போன் அதிர்ந்தது. ஒரு மணி அடித்து நின்றது. எடுத்துப் பார்த்தான், பாறைக்காரி. இடம் பார்க்க வந்தபோது அவன் கை விறைத்துப் போயிருந்ததைப் பார்த்துவிட்டு, டப்பாவிலிருந்து தைலம் எடுத்துச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டவள். அந்த நன்றியில்தான் நம்பரைக் கொடுத்தான். "எது வேணும்னாலும் ஒரு மிஸ்டு கால் குடுங்கக்கா, நான் கூப்பிடுறேன்." அதன்பிறகு வாரம் தவறாமல் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி. "தம்பி, டவர் எப்ப வருது? உங்க டவர் வர்றதுக்குள்ள எனக்குப் பல்லெல்லாம் கொட்டிடும் போலயே." அவளைப் போல இருபது ஊர்க்காரர்கள். அலுத்துப்போனான். கல்யாண வீட்டிலும் டவரா என்று போனை ஊமையாக்கிப் பையில் போட்டான். மறுநாள் பார்த்தால் இருபத்துமூன்று மிஸ்டு கால். எல்லாவற்றையும் அழித்தான். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவே இல்லை. ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டான், ஆனாலும் அவள் முகத்தில் விழிக்கக் கூசி இந்த ஊருக்கு வராமல் தள்ளிப்போட்டான்.

வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"மலைக்காத்து புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றான் பாகிசோ.

டவர் அடியில் இருந்த தகரக் கொட்டகைக்குள் அவன் வேலையில் குனிந்தான். கம்பிகளை மாட்டினான், பேட்டரியைப் பார்த்தான், ஆண்டெனாத் தட்டை எதிர்மலை நோக்கித் திருப்பி முடுக்கினான். கை வேலை செய்தது, மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. முடுக்கிய திருகாணியையே மறுபடி முடுக்கினான். இரண்டு மணிக்கு வெளியே பனிமழை தொடங்கியது. தகரத்தின் மேல் மணலை அள்ளி வீசுவது போலச் சத்தம்.

சோதனை ஓட்டத்தில் ஒரே ஒரு லைன்தான் திறந்திருக்கும். தலைமை அலுவலகத்துக்கு முதல் அழைப்பு போய், அவர்கள் அங்கிருந்து திறந்துவிட்டால்தான் மற்ற லைன்கள் வரும். விசையைப் போட்டான். பச்சை விளக்கு எரிந்தது. லேப்டாப்பில் பட்டியல் விரிந்தது. டவரைப் பிடித்திருக்கும் போன்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்தில் என்று அது சொல்லும். தூரத்தைப் படி கணக்கில் காட்டும். ஒரு படி என்றால் அரை கிலோமீட்டர். பூஜ்யம் என்றால் டவர் காலடியிலேயே.

அவனுடைய போன், பூஜ்யம்.

அதற்குக் கீழே இன்னொன்று.

இரண்டு.

"தம்பி, ஊர்ல யாராச்சும் போனைப் போட்டு வெச்சிருக்காங்களா?" என்று கத்தினான்.

பாகிசோ கொட்டகை வாசலுக்கு வந்தான். அவன் வீட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் அவன் பெயரைச் சொல்லி அலறியது. அவன் ஓடினான். ஐந்து நிமிடத்தில் திரும்பி ஓடிவந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, பனிக்குடம் உடைஞ்சுடுச்சு. எதுத்த வீட்டு அக்கா வயித்தைத் தொட்டுப் பாத்துட்டுக் குறுக்கே கெடக்குங்குறா. ஆஸ்பத்திரிக்குப் போடுங்கண்ணே. சீக்கிரம்."

ராபெலாங் நம்பரை அழுத்தினான். லைன் வேறு அழைப்பில் இருக்கிறது என்று குரல் வந்தது.

ஒரே லைன். யார் பிடித்திருக்கிறார்கள்?

போன் அடித்தது. ஒரே ஒரு மணி. நின்றது.

திரையில் பெயர் வந்து மறைந்தது.

பாறைக்காரி.

மறுபடி ஆஸ்பத்திரி நம்பரை அழுத்தப் போனான். அழுத்துவதற்குள் ஒரு மணி அடித்து நின்றது. விரல் வைத்தான், மறுபடி ஒரு மணி. இடைவெளியே இல்லை. ஒரு மணி, நிற்கும். ஒரு மணி, நிற்கும். லைனை வேறு யாருக்கும் விடாமல், காசில்லாதவள் கொடுக்கிற மிஸ்டு கால்.

"யாருண்ணே அது? எடுத்துப் பேசிட்டு வையுங்களேன்!"

விசையை அணைத்தான். பத்து எண்ணினான். போட்டான். பச்சை விளக்கு. அவன் போன், பூஜ்யம். இன்னொன்று, இரண்டு. பாறை இருக்கும் தூரம். இரண்டு வருடம் கல்லுக்கடியில் கிடக்கிற பேட்டரி.

ஒரு மணி. நின்றது.

மிஸ்டு காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் கொடுத்தவர் காசு போகும். திருப்பித்தான் கூப்பிட வேண்டும். இந்த நாட்டில் பச்சைக் குழந்தைக்கும் அது தெரியும். திருப்பிக் கூப்பிட்டால் லைன் அவன் கைக்கு வரும். ஆனால் திருப்பிக் கூப்பிட்டால் பேச வேண்டும். பாகிசோ முழங்கை இடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

வீட்டுப் பக்கமிருந்து மோசாவின் குரல் வந்தது. அலறல் இல்லை, ஏதோ ஆழத்திலிருந்து இழுத்து விடும் சத்தம்.

"அண்ணே!" பாகிசோ அவன் தோளைப் பிடித்து உலுக்கினான்.

ராபெலாங் திருப்பிக் கூப்பிட்டான்.

மணி போயிற்று. ஒன்று. இரண்டு. மூன்று.

எடுத்தார்கள்.

முதலில் காற்று மட்டும்தான். பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் அதே காற்று. அதற்குள்ளிருந்து குளிரில் பல் கிட்டிய ஒரு குரல்.

"தம்பி. கூப்பிட்டுட்டீங்களா."

போனைக் காதோடு இறுக்கினான்.

"எத்தனை தடவை குடுத்தேன். வேலையா இருந்திருப்பீங்க. பரவால்ல. வண்டி கிளம்பிடுச்சா?"

"அக்கா…" என்றான். "அக்கா, அன்னைக்கு நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் எடுக்கல. டவரைப் பத்திக் கேக்கப் போறீங்கன்னு நெனச்சேன். கல்யாண வீட்ல இருந்தேன். வண்டி அனுப்பல அக்கா. யாருமே வரல."

பாகிசோவின் கை அவன் தோளிலிருந்து மெல்ல விலகியது. ராபெலாங் திரும்பிப் பார்க்கவில்லை.

காற்று.

"இப்ப உங்க மோசாவுக்கு வலி. குறுக்கே கெடக்குதாம். லைனை விட்டுடுங்கக்கா. இன்னைக்கு வண்டி வரும். சத்தியமா வரும்."

காற்று மறுபடி அடித்தது. பிறகு, குழந்தை மாதிரிக் கேட்டாள்.

"நான் நகரலாமா? நகந்தா சிக்னல் போயிடுமே."

"போகாதுக்கா." அழுகையோடு சொன்னான். "டவர் வந்துடுச்சு. இனிமே எங்க நின்னாலும் இருக்கும். நீங்க நகரலாம்."

"எங்க நின்னாலுமா?"

"எங்க நின்னாலும்."

லைன் அறுந்தது.

அடுத்த நொடி ஆஸ்பத்திரிக்குப் போட்டான். இரண்டாவது மணியில் நர்ஸ் எடுத்தாள். வண்டி இப்போதே கிளம்புகிறது, ஒன்றரை மணி நேரத்தில் ஓடைக்கு வந்துவிடும், கொண்டு வந்துவிடுங்கள் என்றாள். பாகிசோ அவனைப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினான்.

கதவைக் கழற்றி, கம்பளி விரித்து, மோசாவை அதில் கிடத்தித் தூக்கினார்கள். லைனைக் காக்க ராபெலாங் வேலிக்குள்ளேயே நிற்க வேண்டியிருந்தது. நாலு பேர், கதவுக்கு நாலு மூலையிலும். அவர்கள் டவரைக் கடந்து மூடுபனிக்குள் இறங்கியபோது அவன் எண்ணிப் பார்த்தான்.

ஐந்து முதுகுகள்.

கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பதற்குள் மூடுபனி மூடிக்கொண்டது. கொட்டகைக்குள் வந்தான். திரையில் அந்த இரண்டாவது போன் இன்னும் இருந்தது. இப்போது இரண்டு இல்லை.

பூஜ்யம்.

கொட்டகை முழுக்கத் தைல வாசனை.

அன்று இரவு அவன் உட்காரவும் இல்லை, படுக்கவும் இல்லை. அலுவலகத்துக்குப் பேசி மற்ற லைன்களைத் திறக்க வைத்தான். விடியும்வரை ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, மகன்களுக்கும் தங்கைகளுக்கும் போன் போட்டு, வேலிக்கு வெளியே சிரித்துக் கத்திப் பேசினார்கள். அவனுக்கு ஒருவன் காப்பி கொண்டுவந்து கொடுத்தான். கும்பிட்டான். ராபெலாங்குக்குக் கூசியது.

காலையில் பாகிசோ வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

ராபெலாங் தரையைப் பார்த்தபடி தலையாட்டினான்.

"வழியில அவ காலை யாரோ தேய்ச்சுகிட்டே வந்தாங்களாம். ஆஸ்பத்திரில நர்ஸ் கேக்குறா, யாரும்மா இவ்வளவு தைலம் பூசினதுன்னு. எங்க வீட்ல தைலமே கிடையாதுண்ணே."

குதிரை மூக்கை உறிஞ்சியது.

"உங்களை அடிக்கணும்னுதான் வந்தேன்" என்றான் பாகிசோ. "உங்க போன்லதான் என் பொண்டாட்டியும் புள்ளையும் பொழைச்சாங்க. அதனால கை வரல. ஆனா ஒண்ணு. மோசா உங்க மூஞ்சிய பாத்துக் கேட்டா, நீங்களான்னு. நீங்க இல்லன்னீங்க. போற வழிதான் ஆஸ்பத்திரி. அஞ்சு நிமிஷம் உள்ள போயி அவகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன் தம்பி."

"செத்தவங்ககிட்ட சொல்றது பெரிசில்ல."

பிற்பகலில் ஜீப் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. டிரைவர், "யாரையோ பாக்கணும்னீங்களே" என்றான். ராபெலாங் கதவுப் பிடியில் கை வைத்தான். ஜன்னல் வழியே வார்டு தெரிந்தது. வெயிலில் உலர்த்திய குழந்தைத் துணிகள். அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தான். பயமாக இருந்தது. முந்தின நாள் அந்தக் குரலைக் கேட்டபோது வந்த பயத்தைவிட இது அதிகம் என்பது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"வேணாம். போகலாம்" என்றான்.

மசேருவுக்கு வந்து மூன்றாம் நாள் மோசாவிடமிருந்து மிஸ்டு கால் வந்தது. ஊரில் யாரிடமோ நம்பர் வாங்கியிருக்கிறாள்; அலுவலகப் பதிவில் பார்த்தான், அவள் பெயர்தான். நன்றி சொல்லத்தான் இருக்கும். நாளைக்குக் கூப்பிடலாம் என்று விட்டான். மறுநாளும் வந்தது. அதையும் விட்டான்.

அலுவலகத்தில் இணைப்புக் கணக்கைப் பார்ப்பது அவன் வேலை. அதில் பாறைக்காரியின் நம்பரைத் தேடக்கூடாது என்று தினமும் முடிவு செய்துகொள்வான், தினமும் தேடுவான். முதல் நாள் ஹா-லெபாலோ டவர். பிறகு ஆஸ்பத்திரி டவர். மோசா வார்டில் இருந்த ஆறு நாளும் அது அங்கேயே இருந்தது. ஏழாம் நாள் மோசா ஊருக்குத் திரும்பினாள்.

அந்த நம்பர் திரும்பவில்லை.

அடுத்த டவருக்குப் போயிற்று. அதற்கு அடுத்ததற்கு. நடக்கிற வேகம். மலைப்பாதையில் டவர் இல்லாத இடம் வந்தால் இரண்டு நாள் காணாமல் போகும், அவன் நிம்மதியாக மூச்சு விடுவான், பிறகு மசேருவுக்கு இன்னும் கிட்டத்தில் வந்து முளைக்கும். அந்த இடைவெளிகளை அடைக்கத்தான் அலுவலகம் அவனிடம் மேலும் பதினோரு டவர் கொடுத்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு மலையிலும் ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னைக்கே லைன் வந்துடுமாண்ணே என்று கேட்டாள். ஒவ்வொன்றாக இயக்கிவைத்தான். பாதையை அவனே போட்டுக்கொடுத்தான்.

அவ்வப்போது பாறைக்காரியிடமிருந்து ஒரு மணி அடித்து நிற்கும். அவன் உடனே திருப்பிக் கூப்பிடுவான். கூப்பிடாமல் இருக்கத் தைரியம் இல்லை. அவள் எதுவும் பேசமாட்டாள். காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். பாறையின் காற்று. "அக்கா, என்ன வேணும் சொல்லுங்கக்கா" என்று கெஞ்சுவான். காற்று அடித்துக்கொண்டே இருக்கும்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி சர்ச்சுக்குப் போயிருந்தாள். பளிச்சென்று வெயில். சமையலறைக் குழாய் பல நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து வந்த நாள் முதல் எதையும் உட்கார்ந்து செய்ய முடியாதவன் அதை மட்டும் எப்படிச் சரி செய்வான். நடந்து நடந்து முன்னறையில் பாதையே போட்டிருந்தான்.

போன் அதிர்ந்தது. மோசா. ஒரு மணி, நின்றது.

மிஸ்டு கால் பட்டியலைத் திறந்து எண்ணினான். இதோடு இருபத்துமூன்று.

திருப்பிக் கூப்பிட விரலைக் கொண்டுபோனான். என்னவென்று சொல்வது? நாளைக்கு என்று முடிவு செய்து, போனை ஊமையாக்கிப் பையில் போட்டான். போட்ட பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவனுக்கே உறைத்தது.

காற்றாடக் கதவைத் திறந்தான். வாசல்படியில் வெள்ளைக் களிமண்ணில் இரண்டு பாதங்கள். அருகருகே, வீட்டைப் பார்த்தபடி. ஈரம் இன்னும் காயவில்லை.

தெருவில் யாரும் இல்லை.

ஊமையாக்கிய போன் அடித்தது. பாறைக்காரி. ஒரே ஒரு மணி.

எடுத்துத் திருப்பிக் கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தார்கள். காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

காற்றுச் சத்தம் இல்லை.

முதன்முறையாகக் காற்றே இல்லை. மூடிய அறையின் அமைதி. அதற்குள் ஒரு சத்தம், விட்டு விட்டு, நிதானமாக. என்னவென்று புரிய அவனுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

போனுக்குள் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால், சமையலறையில் சொட்டும் அதே நேரத்தில்.